நாலு நிமிடம் ஓடாத சீடி

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசகசாலை ஆண்டு மலரில் ஓய்வுபெற்றவர்களுக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். போன மலரில் தேயிலை பேக்டரி டீ மேக்கர் ஐயா எழுதினார். அதற்கு முந்தின மலரில் மருந்து கொடுக்கிற ஐயா எழுதினார். இந்த முறை ஓய்வுபெற்றவர் யாரும் கையில் அகப்படாததால் என்னிடம் வந்திருக்கிறார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. ஆனாலும் நான் ஓய்வுபெற்றவன்தான். நான் பார்த்த வேலையே ஓய்வுபெற்றுவிட்டது, நான் மட்டும் எங்கே போய் வேலை பார்ப்பது?

மலர்க்குழுப் பையன்கள் கேட்டது இதுதான்: "அண்ணே, இனிமே வீட்டுல சீடி போட்டுப் படம் பாக்குறது அவ்ளோதானா? எல்லாம் நெட்டுலயே வந்துருமா? நீங்க பதினோரு வருஷம் சீடி கடையில நின்னவரு. உங்க கருத்த எழுதுங்க."

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போன நாள் முதல் என்னிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். பக்கம் போதாவிட்டால் தலைவரின் வாழ்த்துச் செய்தியை எடுத்துவிடுங்கள். எல்லா வருடமும் அது ஒன்றேதான்.

நான் வேலை பார்த்த கடை அக்கரப்பத்தனை பஜாரில், ஒரு பேக்கரிக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவில் இருந்தது. முதலாளி ரவூப் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்போம். சீடியோ டிவிடியோ, வட்டமாக மினுங்கினால் எங்கள் ஊருக்கு எல்லாம் சீடிதான். வாடகைக்குக் கொடுப்போம், விற்போம், துடைப்போம். எனக்கு வேலை கிடைத்த விதம் சுருக்கமானது. பள்ளிக்கூடம் போகாத நாளெல்லாம் கடை வாசலில் நின்று, உள்ளே ஓடுகிற டீவியை ஓசியில் பார்ப்பேன். ஒருநாள் நானா எழுந்து வந்தார்.

"மகன், நீங்க தெனமும் வாசல்ல நின்டு வெளிச்சத்த மறைக்கிறீங்க. உள்ளுக்கு வந்து நில்லுங்க."

அதுதான் எனக்குக் கிடைத்த நியமனக் கடிதம். முதல் மூன்று மாதம் துடைப்பது மட்டும். அடுத்த மூன்று மாதம் துடைத்ததை நானா மறுபடி துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது. பயிற்சி முடிந்தது.

நானா யாரையும் நீ என்று சொல்லமாட்டார். என்னையும் நீங்கதான், கடைக்குள் புகுந்த பூனையையும் நீங்கதான். "நீங்க வெளிய போங்க" என்று அவர் பூனையிடம் சொல்வதைக் கேட்டுவிட்டு, ஹட்டனிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர் தன்னைத்தான் சொல்கிறார் என்று எழுந்து போனார்.

திரும்பி வரும் சீடியை வாங்குவதற்கு நானாவிடம் ஒரு முறை இருந்தது. நடு ஓட்டையில் விரலை விட்டு, விளிம்பை மட்டும் பிடித்து, வாசலுக்கு எடுத்துப் போக வேண்டும். மூடுபனியாக இருந்தாலும் சரி, வாசல் வெளிச்சம்தான். மெதுவாகச் சாய்த்தால் கீறல் தெரியும். ஓட்டையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகப் போகிற கீறல் நல்ல கீறல். மெஷின் அதைத் தாண்டி ஓடிவிடும். வட்டமாகச் சுற்றிப் போகிற கீறல் கெட்டது. அதில் மாட்டினால் படம் எழும்பாது. துடைப்பதும் அப்படித்தான். வெள்ளைப் பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்கவேண்டும். தட்டுக் கழுவுகிற மாதிரி சுற்றித் துடைத்தால் நானா எழுந்துவிடுவார்.

"மகன், அதுக்கு நோவும்."

பருப்பு, தேங்காய் எண்ணெய், அடுப்புப் புகை, பிள்ளைகளின் பல் தடம் என்று எல்லாம் வரும். ஒரு துளி சவர்க்காரம், வெதுவெதுப்பான தண்ணீர். ஆழமான கீறலுக்கு வெள்ளைப் பற்பசை, ஜெல் ஆகாது. மழைக்குளிரில் வந்த சீடியை உடனே மெஷினில் போடக்கூடாது, வியர்த்துவிடும். பத்து நிமிடம் டீவி மேல் வைத்துக் குளிர் போகவிட வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டில் இவ்வளவு பார்த்ததில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் நிற்கிற சீடிக்கு, அது நிற்கிற மணி நிமிடத்தைப் போட்டு ஒரு சீட்டு எழுதுவார். உறைக்குள் இருக்கும். '0.52இல் நின்று, ரிமோட்டில் இரண்டு தரம் அமுக்கினால் போகும்.' '1.20இல் சத்தம் வராது, பத்து விநாடி.' வாடகைக்கு எடுப்பவரிடம் அதை வாயாலும் சொல்லிவிடுவார். எத்தனையோ பேர் "அப்ப வேற படம் குடுங்க" என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நீங்க ஏன் மொதலாளி சொல்றீங்க? வீட்டுக்குப் போனா அவங்களுக்கே தெரியும்தானே" என்றேன்.

"நோய சொல்லிக் குடுக்கணும் மகன். சொல்லாமக் குடுத்தா அது நம்மட நோய்."

நான் அப்படி இல்லை. "ஹீரோ கடைசியில செத்துருவான்" என்று, சாகாத படத்துக்குச் சொல்லி அனுப்புவேன். அவர்கள் படம் முழுக்க எப்போது சாவான் என்று பயந்துகொண்டே பார்த்துவிட்டு, மறுநாள் சந்தோஷத்தோடு வந்து என்னை அடிப்பார்கள்.

படத்தின் பெயர் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். "மாமியா மாடிப்படியில விழுவாளே, அந்தப் படம்", "ரெண்டு போலீஸ் வருமே, அதுல மீசை உள்ள போலீஸ் படம்" என்று கேட்பார்கள். பதினோரு வருடத்தில் நான் படித்த படிப்பு அதுதான்.

இனி, நாலு நிமிடத்துக்கு வருகிறேன்.

எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. பஜாரிலிருந்து சாயங்காலம் பஸ்ஸில் நான் கொண்டுவரும் சீடியை ஒரு காம்பராவில்தான் வாடகைக்கு எடுப்பார்கள். ஆனால் அது கடைசித் தொங்கல் காம்பரா வரைக்கும் போய்த் திரும்பும். படம் முடிகிற சத்தம் சுவர் வழியாகக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கையை நீட்டுவார். நானாவுக்கும் தெரியும். "பன்னண்டு மெஷின்ல ஓடினா அதுக்கும் களைப்பு ஈக்கும்தானே" என்று மட்டும் சொல்வார்.

அப்படிச் சுற்றிய சீடிகளில் ஒன்று கம்பளிப் படம். பெரிய நடிகர் யாரும் இல்லை, ஓடாத படம். ஒரு அண்ணன், ஒரு தங்கை. அம்மா செத்துப்போகும்போது ஒரே ஒரு கம்பளியை விட்டுப்போவாள். அண்ணன் பார்த்த மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தங்கை வேறொருவனைக் கட்டிக்கொண்டு போவாள். பல வருடம் பேச்சில்லை. கடைசியில் அண்ணன் மழையில், கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தங்கை வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

அந்த இடத்தில் சீடி நிற்கும்.

அந்தச் சீடி எங்கள் லயத்துக்கு வந்த அன்றைக்கே, யாரும் போட்டுப் பார்க்கும் முன்னால், ஆறாம் காம்பராப் பிள்ளை அதைக் கம்பியில் மாட்டி வண்டிச் சக்கரமாக ஓட்டிவிட்டது. அழகான வட்டக் கீறல். நானாவின் சீட்டில், '1.41இல் நின்று 1.45இல் எழும்பும். மருந்தில்லை' என்றிருக்கும். 1.45இல் அண்ணனும் தங்கையும் ஒரு பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போவார்கள். படம் முடியும். அந்தப் படம் மறுபடி வரவேயில்லை. கொழும்பிலும் கேட்டுப் பார்த்தோம். ஆகவே வாசலில் என்ன நடந்தது என்று எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

தெரியாது என்றால் விட்டுவிடுவார்களா? சீடி நின்றதும் டீவியை அப்படியே விட்டுவிட்டு, வீட்டில் ஒருவர் எழுந்து அந்த நாலு நிமிடத்தைச் சொல்லுவார்.

இரண்டாம் காம்பராவில் செல்லமுத்து கங்காணி சொல்லுவார். அவர் சொல்கிற கதையில் அண்ணன் கதவைத் தொடவே மாட்டான். தங்கை தானாகக் கதவைத் திறந்து ஓடிவந்து, "அண்ணே, நான் செஞ்சது தப்பு" என்று காலில் விழுவாள். ஒன்பதாம் காம்பராவில் புஷ்பம் அக்கா சொல்லுவார். அவர் சொல்வதில் அண்ணன் மூன்று தரம் கதவைத் தட்டி, "தங்கச்சி, அண்ணன் பேசுனது தப்பு" என்பான். மூன்றாவது தட்டுக்குத்தான் கதவு திறக்கும். இடையில் ஐந்தாம் காம்பராவில் நான் இருந்ததால் இரண்டு கதையையும் கேட்டு வளர்ந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கங்காணியும் புஷ்பம் அக்காவும் கூடப்பிறந்தவர்கள். அண்ணன் பார்த்த மாப்பிள்ளையை விட்டுவிட்டு அக்கா ஒன்பதாம் காம்பரா ராசுவோடு ஓடிப்போனார். இரண்டாம் காம்பராவிலிருந்து ஒன்பதாம் காம்பராவுக்கு, ஏழு கதவு தூரம். எங்கள் பக்கத்தில் நடந்த ஓட்டங்களிலேயே மிகக் குறுகியது இதுதான். "இனி என் வாசப்படிய மிதிக்காத" என்று கங்காணி அன்றைக்குச் சொன்னார். பதினாலு வருடம் பேச்சில்லை. தண்ணீர்ப் பீலியில் அண்ணன் குளித்துவிட்டுப் போன பிறகுதான் தங்கை குடத்தைத் தூக்குவார். ஒருவருக்கொருவர் ஏதாவது அவசரமாகச் சொல்லவேண்டுமென்றால் ஆட்டைத் திட்டுவார்கள். "தண்ணி நிக்கப்போவுது, சீக்கிரம் குடி சனியனே" என்று கங்காணி ஆட்டிடம் சொன்னால், ஒன்பதாம் காம்பராவில் குடம் எடுக்கிற சத்தம் கேட்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அக்காவின் மகள் தர்ஷினி பெரிய மனுசியானாள்.

தாய்மாமன் இல்லாமல் சடங்கு நடக்காது. பச்சை ஓலையில் குடிசை கட்டுவது மாமன், முதல் சேலை மாமன், முதல் சீர்த்தட்டு மாமன். கங்காணியை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு மாமனும் இல்லை. அதுவரைக்கும் பிள்ளை வெளியே வர முடியாது. காம்பராவின் ஒரு மூலையில் சேலையைத் திரையாகக் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். அடுத்த வாரத் திங்கட்கிழமையை விட்டால் நல்ல நாளும் இல்லை. அதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பரீட்சை.

தோட்டத் தலைவர் பெரியசாமி சமாதானம் பேசப் போனார். நானும் கூடப் போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, வேடிக்கைதான்.

"வெத்தல பாக்கு வச்சி அழைக்கணும். அவ வரட்டும்" என்றார் கங்காணி.

"வாசப்படிய மிதிக்காதன்னவரு அவரு. சொன்ன வார்த்தய அவரே வந்து எடுக்கட்டும். அப்புறம் நான் வெத்தல வக்கிறேன்" என்றார் அக்கா.

தலைவர் ஏழு கதவுக்கும் எட்டுத் தரம் நடந்தார். கடைசியில் கங்காணி சொன்னார்: "தலைவரே, ஊருல நடக்காததயா கேக்குறேன்? கம்பளிப் படத்துல என்ன நடந்துச்சு? தங்கச்சிதான் கதவத் தொறந்து வந்தா."

இதை ஒன்பதாம் காம்பராவில் போய்ச் சொன்னோம்.

"யாரு சொன்னா? அண்ணங்காரன்தான் தட்டுனான். மூணு தரம்!"

தலைவருக்கு மூச்சு வாங்கியது. "சரிம்மா. படத்துல எப்புடியோ அப்புடியே செஞ்சிக்குவமா? அண்ணன் தட்டியிருந்தா அவரு வரட்டும். தங்கச்சி தொறந்திருந்தா நீ போ."

அவர் சலித்துப்போய்ச் சொன்னதுதான். இரண்டு பேரும் உடனே சம்மதித்துவிட்டார்கள். தாங்கள் சொல்லிச் சொல்லி வந்த கதை பொய்யாக இருக்கும் என்று அவர்கள் நினைக்கவேயில்லை. லயம் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று முதல் ஆறு வரை திறந்த கட்சி, ஏழு முதல் பன்னிரண்டு வரை தட்டின கட்சி. நான் ஐந்தாம் காம்பராவாக இருந்தாலும் இரண்டிலும் சேர்ந்துகொண்டேன்.

திரைக்குப் பின்னாலிருந்து தர்ஷினி மட்டும், "குமாரண்ணே, யாராவது ஒருத்தரு கதவத் தட்டுங்களேன். நான் ஸ்கூலுக்குப் போவணும்" என்றாள்.

மறுநாளே சீடியை நானாவிடம் கொண்டுபோனேன். கதையை முழுக்கக் கேட்டார். மருந்தில்லை என்று தானே எழுதின சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கடைக் கதவைப் பாதி சாத்தினார். வியாபார நேரத்தில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மூன்று நாள் வைத்தியம் நடந்தது. முதல் நாள் சவர்க்காரத் தண்ணீரில் குளிப்பாட்டி, நிழலில் காயவைத்தார். இரண்டாம் நாள் வெள்ளைப் பற்பசை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, விரல் நுனியால் உள்ளேயிருந்து வெளியே, உள்ளேயிருந்து வெளியே. "வெளக்கி முடிஞ்சா வாய் கொப்புளிக்கச் சொல்லுங்க மொதலாளி" என்றேன். காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் பித்தளை மெருகு போடுகிற மாவைச் சலித்து, தண்ணீரில் குழைத்து அதே மாதிரி. ஒவ்வொரு தரமும் வாசலுக்குப் போய்ச் சாய்த்துப் பார்ப்பார். பிறகு டீவி மேல் பத்து நிமிடம். பிறகு மெஷினில்.

புதன்கிழமை மாலை 1.41 தாண்டியது. நான் கத்திவிட்டேன். மழை தெரிந்தது. அண்ணன் நனைந்துகொண்டு நின்றான். வலது கையைத் தூக்கினான். நின்றுவிட்டது.

கை தூக்கினபடி நிற்கிறான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நானா மூன்று நாள் உழைத்து மீட்டது இருபது விநாடி.

அதைக் கொண்டுபோய் லயத்தில் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"தட்டப்போறான் பாத்தியா!" என்றது தட்டின கட்சி.

"தட்டப்போறானா? தலைய சொறியப் போறான். மழையில நனஞ்சா அரிக்காதா?" என்றது திறந்த கட்சி.

அப்போதுதான் பஜாரில் போன் கடை வைத்திருக்கிற பையன் சொன்னான்: "குமாரண்ணே, அந்தப் படம் நெட்டுல வந்திருச்சே. முழுசா இருக்கு. ஏன் அந்தத் தட்ட வச்சித் தேய்க்கிறீங்க?"

எங்கள் தோட்டத்தில் நெட் கிடைக்கிற இடம் ஒன்றுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு மேலே ஒரு பாறை. அதன் மேல், தேயிலைப் பக்கம் முகத்தை வைத்து உட்காரவேண்டும். மறுபக்கம் திரும்பினால் போய்விடும். சனிக்கிழமை மத்தியானம், மழைக்குப் போனை ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து படத்தை இறக்கினேன். அட்டை கடித்ததைக்கூடத் தட்டிவிடவில்லை. இறங்கியதும் நேராக 1.41க்குப் போனேன்.

அண்ணன் கையைத் தூக்குகிறான். தட்டவில்லை. கையை இறக்குகிறான். உள்ளே தங்கை தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். திறக்கவில்லை. அவன் கம்பளியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறான். விடிந்து கதவைத் திறந்தால் கம்பளியை எவனோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பிறகு ஒருநாள் அண்ணன் ஒரு பஸ்ஸில் ஏறுகிறான். ஒரே ஒரு இடம்தான் காலி, தங்கைக்குப் பக்கத்தில். அவள் கொஞ்சம் தள்ளி உட்காருகிறாள். அவ்வளவுதான். யாரும் யாரிடமும் போகவில்லை. பஸ்தான் போனது.

இதை அப்படியே போட்டுக் காட்டினால் கங்காணி இரண்டாம் காம்பராவில் இருந்துவிடுவார், அக்கா ஒன்பதாம் காம்பராவில் இருந்துவிடுவார். எங்கள் லயத்துக்கு உள்ளே பஸ்ஸும் வராது.

இறங்கி, கடைக்கு ஓடினேன். படத்தை நானாவுக்குக் காட்டினேன். பிறகு சொன்னேன்: "மொதலாளி, போன் கடைப் பையன்கிட்ட வெட்டுற வசதி இருக்கு. இந்த நாலு நிமிசத்த எடுத்துருவோம். நெட்டுலயும் அந்த எடம் நோய்னு சொல்லிக்கலாம்."

நானா கண்ணாடியைக் கழற்றினார்.

"இத்தன வருஷமா நோய் உள்ள எடத்த நோய்ன்டு சொன்னம். இப்ப நல்லா ஈக்கிற எடத்த நோய்ன்டு சொல்ல வாணாம் மகன்."

"அந்தப் புள்ளைக்கு மாமன் வரமாட்டாரே?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நானும் நாளைக்கு வாரன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகிற அந்தப் பெரிய அறையில், எல்லாரும் கூடினோம். போனையும் டீவியையும் வயர் போட்டு இணைத்தேன். இடது பக்கம் கங்காணி, அவர் பின்னால் ஆறு காம்பரா. வலது பக்கம் அக்கா, அவர் பின்னால் ஆறு காம்பரா. நடுவில் தலைவர். வாசலுக்குப் பக்கத்தில் நானா, கையில் பழைய சீடியோடு.

படம் சுத்தமாக ஓடியது. அதுவே பலருக்குப் பிடிக்கவில்லை. "நம்ம சீடியில இந்த எடத்துல ஒரு துள்ளு துள்ளுமே" என்று ஒரு கிழவர் குறைபட்டார். 1.41 வந்தது. ஒரு குழந்தை இருமியது. அதன் வாயை யாரோ பொத்தினார்கள். கை தூக்கினான். கை இறக்கினான். கம்பளி போனது. பஸ் வந்தது. படம் முடிந்தது.

நான் கங்காணியைப் பார்த்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார்.

"என்னடா இது? இது நம்ம படமே இல்ல!"

"இல்லவே இல்ல!" என்றது வலது பக்கத்திலிருந்து ஒரு குரல். அக்காவும் எழுந்துவிட்டார்.

"அம்மா செத்தப்ப குடுத்த கம்பளி. அத எவனாவது வாசல்ல போட்டுட்டுப் போவானா? ஏ புஷ்பம், நீ சொல்லு. நம்ம படத்துல இப்புடியா வரும்?"

"சத்தியமா இல்லண்ணே! எந்தத் தங்கச்சியாவது தாழ்ப்பாளப் புடிச்சிக்கிட்டு கல்லு மாதிரி நிப்பாளா? எவனோ வெட்டி ஒட்டியிருக்கான்!"

"வேற எவன்? இவன்தான்!"

பதினாலு வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அந்தப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"சாவாத ஹீரோவ சாவான்னு சொன்ன பய!" என்றார் கங்காணி.

"எங்க வீட்டு ஆட்டுக்குத் தாவணி கட்டிவிட்ட பய!" என்றார் அக்கா.

"அதுவும் இவன்தானா?"

"ஆமாண்ணே, நீங்க பாக்கலியா, வெள்ளாடு, தைப்பொங்கலன்னிக்கு!"

"நான் பாத்தேன் புள்ள. நீதான் கட்டிவிட்டேன்னு நெனச்சேன்!"

என் வாழ்நாளில் நான் வெட்டாமல், ஒட்டாமல், ஒரு விஷமமும் செய்யாமல் காட்டிய ஒரே பொருள் அந்த நாலு நிமிடம்தான். வாயைத் திறந்தேன். வாசல் பக்கமாக ஓடிவிடலாம் என்று காலும் எடுத்தேன். நானா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டார்.

"ஓட வாணாம் மகன்" என்றார் மெதுவாக. "நில்லுங்க. ஏசி முடியட்டும்."

நின்றேன். அண்ணன் ஒரு வரி ஏச, தங்கை அடுத்த வரி ஏசினார். அவர் மறந்ததை இவர் எடுத்துக் கொடுத்தார். லயமே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் தலைவர் தெரியாத்தனமாக, "டேய், உண்மையச் சொல்லு, நீதான் வெட்டுனியா?" என்று கேட்டுவிட்டார்.

இல்லை என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. நான் நானாவைப் பார்த்தேன். ஒரு சீடியின் நோயைக்கூட மறைக்காத மனிதர். அவர் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா தலைவரே. நான்தான் வெட்டி ஒட்டுனேன். சும்மா வெளையாட்டுக்கு."

நானாவின் வியாபாரத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு விட்டுக்கொடுத்த பொய் அது ஒன்றுதான்.

கங்காணியின் குடைக்காம்பு என் முதுகில் விழுந்ததை விவரிக்கப் பக்கம் போதாது. அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. சீடிக் கடைகள் எல்லாம் போன் கடைகளாக மாறின. நானாவின் மகனும் அதே இடத்தில் போன் கடை போட்டு, என்னையும் கூப்பிட்டார். ஆனால் எங்கள் பக்கத்துச் சனம் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்ததும் போனை மடியில் சொருகிக்கொண்டு திரும்பிவிடும். "இவன்கிட்டயா? படத்த வெட்டி ஒட்டிருவான்." மூன்று மாதம் பார்த்தேன். பிறகு நானே ஓய்வுபெற்றேன். இப்போது மரக்கறித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறேன். லீக்ஸை வெட்டி ஒட்டமுடியாது என்பதால் நம்புகிறார்கள்.

பையன்களின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். சீடி போய்விட்டது, இனி வராது. நெட்டில் படம் கீறாது, வியர்க்காது, நடுவில் நிற்காது. நானும் இப்போது பாறையில் உட்கார்ந்து போனில்தான் பார்க்கிறேன். ஒருவன் பார்ப்பதை இன்னொருவன் பார்ப்பதில்லை, சண்டையும் இல்லை. பன்னிரண்டு காம்பராவும் ஒரே இடத்தில் வந்து நின்று, அடுத்து என்ன நடந்திருக்கும் என்று யோசித்த படம் எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது. நானாவின் சீட்டுப்படி அது ஒரு நோய். நான் வேறு என்ன கருத்துச் சொல்வது?

அன்றைக்கு என்ன ஆனது என்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். என்னை ஏசிக் களைத்த பிறகு அக்கா சொன்னார்: "வாங்கண்ணே, நம்ம சீடியவே போட்டுப் பாப்போம். அதுலதான் ஒழுங்கா இருக்கு."

நானாவின் கையிலிருந்து சீடியை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். இன்னும் என்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தார்கள். அந்த மும்முரத்தில் கங்காணி ஒன்பதாம் காம்பரா வாசற்படியைத் தாண்டினார். தாண்டியதை அண்ணனும் கவனிக்கவில்லை, தங்கையும் கவனிக்கவில்லை. பின்னால் வந்த லயமே கவனித்தது. யாரும் மூச்சு விடவில்லை.

என்னை உள்ளே விடவில்லை. நானும் நானாவும் வெளியே கூரை ஓரமாக நின்றோம். படம் முதலிலிருந்து ஓடியது. மழை தூறத் தொடங்கியது. உள்ளே அக்கா தேத்தண்ணி ஆற்றுகிற சத்தம் கேட்டது. கடைசியில் எங்களுக்குப் பழக்கமான அந்தச் சத்தம் வந்தது. மெஷின் ஒரு தரம் முனகி, நின்றது. 1.41.

"நீ சொல்லு புள்ள" என்றது கங்காணியின் குரல்.

"நீங்க சொல்லுங்கண்ணே."

"உன் வீடு. நீதான் சொல்லணும்."

"நீங்க மூத்தவரு. நீங்க இருக்கையில நான் எப்புடிச் சொல்றது?"

"இத்தன வருஷமா நீ எப்புடிச் சொன்னியோ அப்புடியே சொல்லு, நான் கேக்குறேன்."

"முடியாதுண்ணே. நீங்கதான் மொதல்ல."

"நீதான் மொதல்ல!"

குரல் உயர்ந்தது. சேலைத் திரைக்குப் பின்னாலிருந்து தர்ஷினி, "ஐயோ மாமா, ரெண்டு பேரும் சும்மா இருங்க, நான் சொல்றேன்" என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்கக் காதைச் சுவரில் வைத்தேன். நானா என் தோளைத் தட்டினார்.

"நடங்க மகன், எனக்கு கடைசி பஸ் போயிரும். பச்ச ஓல எங்க கெடைக்கும்ன்டு நாளைக்கு கங்காணி கேப்பாரு. போற வழியில பாத்து வைப்பம்."